பாலாற்றுப் படுகையில் கெளுத்தித் தூண்டில் இரை

தூண்டில் முள்ளில் கோத்து மீனைக் கவர்ந்திழுக்கும் உணவு இரை எனப்படும். கெளுத்தி, வாளை, தேளி முதலிய மீசை மீன்களுக்கான இரை மற்ற மீன்களுக்கு இடும் இரையிலிருந்து வேறுபட்டது. வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டு, அதன் அண்டை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றை உள்ளடக்கிய பாலாற்றுப் படுகையில் இந்த இரையின் வரலாறு தோல் பதனிடும் தொழிலின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

மீசை மீன்களின் உடலில் செதில் இல்லை. சுவை மொட்டுகள் வாயில் மட்டுமல்லாமல் மீசையிலும் தோல் முழுவதிலும் பரவியுள்ளன. கலங்கல் நீரிலும் இருட்டிலும் இம்மீன்கள் கண்ணை நம்புவதில்லை. நீரில் கரைந்து வரும் மணத்தையும் சுவையையும் பின்தொடர்ந்தே இரையை அடைகின்றன. ஆகவே முள்ளில் இருப்பது இரையின் ஒரு பாதிதான். அதன் மணத்தைச் சுமந்து செல்லும் நீர் மறுபாதி. இப்படுகையில் முதற்பாதிக்கு என்றும் பஞ்சம் வந்ததில்லை. கெட்டது இரண்டாவதுதான்.

பழைய குறிப்புகள்

தூண்டிலும் இரையும் சங்க இலக்கியத்தில் நன்கு தெரிந்த பொருள்கள். அகநானூற்றின் 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர், வளைந்த இரும்பில் மாட்டிய இரையை விழுங்கிய வரால், தூண்டில்காரன் இழுத்தும் வராமல் குளத்தையே கலக்குவதைக் காட்டுகிறார். கயிறிட்ட காளையோடு அதை ஒப்பிடுகிறார். அங்கே பேசப்படுவது வரால். மீசை மீன் அன்று. எனினும் முள், இரை, பிடிப்பவன், மீனின் போராட்டம் என எல்லாமே அப்பாடலில் உள்ளன. சூதில் வரும் வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடும் திருக்குறள் (931) பலரும் அறிந்தது.

வாளையைப் பற்றிய சுவையான செய்தி குறுந்தொகையின் 8ஆம் பாடலில் வருகிறது. வயலோர மாமரத்திலிருந்து விழும் கனிந்த பழத்தைக் குளத்து வாளை கவ்விக்கொள்வதாக ஆலங்குடி வங்கனார் பாடியுள்ளார். இன்றைய மீனியல் வாளையை ஊனுண்ணி என்கிறது. அதனால் இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நீரில் பொத்தென்று விழும் எதையும் பாய்ந்து கவ்வும் குணம் வாளைக்கு உண்டு. தூண்டில்காரர்கள் இன்றும் அந்தக் குணத்தை நம்பியே இரையை வீசுகின்றனர்.

இரையைத் தனிக் கலையாகவே விரித்துச் சொல்லும் பழைய நூல் மானசோல்லாசம். மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இயற்றிய இந்த வடமொழி நூலில் மத்ஸ்யவினோதம் என்னும் பகுதி தூண்டில் விளையாட்டைப் பற்றியது. மீன்களைச் செதில் உள்ளவை, தோல் மட்டும் உள்ளவை என்று அது பிரிக்கிறது. எந்த மீனுக்கு எந்த உணவைப் போட்டுப் பழக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர்லால் ஹோரா 1951இல் இப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார். மீனை முதலில் பல நாள் தீனி போட்டு ஓரிடத்தில் கூட்டிவிட்டுப் பிறகு முள்ளை இறக்கும் முறை, ஏரிக்கரைகளில் தவிட்டையும் புண்ணாக்கையும் இறைத்துவிட்டுத் தூண்டில் போடும் இன்றைய வழக்கத்தின் மூத்த வடிவம்தான்.

ஆங்கிலேயர் காலம்

சென்னை மாகாணத்தில் குடிமைப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலையும் 1887இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற நூலையும் வெளியிட்டார். இரண்டாவது நூல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியது. ஏரிகள் நிறைந்த வட தமிழகத்துக்குப் பொருந்தக்கூடியது இதுவே. அதே காலத்தில் பிரான்சிஸ் டே இந்திய மீன்களை வகைப்படுத்தி எழுதினார். ஆற்று வாளையின் அறிவியல் பெயரான ‘வல்லாகோ அட்டு’ என்பதில் உள்ள ‘அட்டு’, ஆற்று வாளை என்னும் தென்னிந்தியப் பெயரின் முதற்சொல் என்று கருதப்படுகிறது. அப்பெயரில் இம்மீன் 1801இலேயே அறிவியல் நூலில் இடம்பெற்றுவிட்டது. 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் நீரில் நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. தூண்டிலை அது தொடவில்லை.

இரை வகைகளும் முறையும்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரம் வழியாகத் தமிழகத்துக்கு வந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஓடும் மலட்டாறு இதன் துணையாறு. அதன் பெயரே நீர்வரத்தின் நிலையைச் சொல்லிவிடும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இத்தகைய ஆற்றில், வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் மடுக்களும் ஆற்றுக்கால்கள் நிரப்பும் ஏரிகளுமே மீசை மீன்களின் இருப்பிடம்.

சிறு கெளுத்திக்கும் தேளிக்கும் மண்புழுவே முதன்மை இரை. முள்ளின் மேல் காலுறையைப் போல ஏற்றி, வால் நுனியை மட்டும் நெளியும்படி விட்டுவிடுவார்கள். தேளியின் பக்கத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. அதனால் தூண்டிலிலிருந்து அதைக் கழற்றுவது, இரை கோப்பதைவிட அதிகக் கவனம் தேவைப்படும் வேலை.

வாளைக்கு உயிர் மீன் ஏற்றது. கெண்டைக் குஞ்சையோ தவளையையோ முதுகுத் தோலில் மட்டும் குத்தி விட்டால் அது நீந்திக்கொண்டே இருக்கும். முள் நடுமுதுகெலும்பில் பட்டால் இரை செத்துவிடும், வாளையும் ஏமாறாது. வாளை கவ்வியவுடன் இழுப்பது கற்றுக்குட்டியின் தவறு. அது இரையோடு சற்றுத் தூரம் ஓடி விழுங்கும்வரை நரம்பைத் தளர விட வேண்டும்.

மாவு உருண்டை, தவிடு, கடலைப் புண்ணாக்கு ஆகியவை ஓடும் நீரில் கரைந்துபோகும். அவை தேங்கிய நீருக்கு உரியவை. ஓடும் நீரில் நிலைத்து நிற்பது ஊன் இரைதான். கறிக்கோழிக் கடைகள் ஊருக்கு ஊர் பெருகியபின் கோழிக்குடல் செலவில்லாத இரையாயிற்று. முள்ளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, முள்ளின் கூர் வெளியே தெரிய, நுனியைத் தொங்கவிட்டு, ஈயக்குண்டோடு அடிமட்டத்தில் கிடத்துகிறார்கள். நாற்றம் ஏறிய குடலையும் கெளுத்தி விடாது. வாளை அவ்வளவாக மதிக்காது.

தோல் நகரம் என்பதால் இரையும் அங்கிருந்தே கிடைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். தோலின் உட்புறத்திலிருந்து வழித்தெடுக்கும் சதைக் கழிவு சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறியது. அது பசை காய்ச்சப் போகும் பொருள், தூண்டிலுக்கானது அன்று.

தோல் பதனிடுதலும் ஆற்று நீரும்

தொடக்கத்தில் இவ்வட்டாரத் தோல்கள் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் பதனிடப்பட்டன. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோல், அரைபதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகச் செய்து முடித்த தோலை ஊக்குவித்தது. குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. வேலை வாய்ப்பு பெருகியது. கழிவுநீரும் பெருகியது. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதாகவும், தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகவும் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பு பதிவு செய்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு என்று சட்ட மாணவர்கள் இதைப் படிக்கின்றனர். அதன் களம் பாலாறு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. ஆனாலும் வழக்கு அங்கே முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீடு, ஆற்றைச் சீரமைத்தல் ஆகியவை குறித்து மீண்டும் உத்தரவுகளைப் பிறப்பித்தது.

கழிவு கலந்த நீரில் உயிர்வளி குறையும். தேளியும் கெளுத்தி வகைகளில் சிலவும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்க வல்லவை. வாளைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நீர் கெடும்போது முதலில் விடைபெறுவது உயிர் இரைக்கு ஓடிவரும் வாளைதான். மணல் அள்ளியதில் மடுக்கள் அழிந்ததும், மேற்பகுதியில் தடுப்பணைகள் எழுந்ததும் இதனுடன் சேர்ந்துகொண்டன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வாளையை அழிவாய்ப்புள்ள இனமாகவும், நாட்டுக் கெளுத்தியான மாகுரை அருகிவரும் இனமாகவும் பட்டியலிட்டுள்ளது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி

கோழிக்குடலின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. சட்டத்துக்குப் புறம்பாக இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, இறைச்சிக் கழிவைத் தின்று விரைவாக வளர்வதால் பண்ணைக் குட்டைகளில் பரவியது. தூண்டில்காரன் கையளவு எடுத்த குடல், குட்டைக்காரனிடம் கூடை கூடையாகப் போயிற்று. நாட்டு மீன்களைத் தின்றுவிடும் என்பதால் மத்திய அரசு இதன் வளர்ப்பைத் தடை செய்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல் தடையை வலியுறுத்தியது. தமிழகத்தில் தடையை மீறிய குட்டைகளை மீன்வளத் துறை அழித்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

குட்டையின் கரை உடைந்தாலோ நிரம்பி வழிந்தாலோ இம்மீன் ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்றுவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் ஓடியதுபோன்ற பெருவெள்ளம் மீன்களையும் இடம் மாற்றும். இந்த மீனும் அதே கோழிக்குடலைத்தான் கவ்வுகிறது. நாட்டுக் கெளுத்தி ஒரு முழத்துக்கு மேல் வளர்வது அரிது; ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒரு மீட்டரையும் தாண்டும். முள்ளில் மாட்டியது சிறியதாக இருந்தால், அது எந்தக் கெளுத்தி என்று கரையில் நிற்பவரால் எளிதில் சொல்ல முடியாது.