வளவையின் கீழே ஒரு நகரம்

நகரத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றிப் பேசுவோர் வாடகை என்ன, பாடசாலை எங்கே, பஸ் வசதி உண்டா, சந்தையில் காய்கறி மலிவா என்றே கேட்பர். நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு: இருந்த இடத்தைவிட்டு எழுந்து போக அந்த மனிதனுக்கு உரிமை இருந்ததா? சப்பிரகமுவ மாகாணத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள எம்பிலிப்பிட்டிய நகரை எண்ணும்போது நமக்கு முதலில் எழுவது இக்கேள்வியேயாகும்.

இரத்தினபுரி மாவட்டத்துக்குள் அடங்கியதாயினும் எம்பிலிப்பிட்டிய மலைநாட்டு ஊரன்று. வறள் வலயத்தின் வாசல் அது. பெல்மதுளையிலிருந்து காவத்தை, கொடக்கவெல வழியாக இறங்கும் நெடுஞ்சாலையில் தேயிலையும் றப்பரும் மெல்ல மெல்லப் பின்வாங்க, வயலும் வாழையும் வெயிலும் எதிர்ப்படுகின்றன. மலையில் பிறந்த வளவை கங்கை பலாங்கொடைப் பக்கமாக இறங்கி, இச்சமவெளியை நனைத்து, அம்பலாந்தோட்டையருகே கடலை அடைகின்றது.

இந்த ஆறுதான் நகரத்தை ஆக்கியது. 1960களில் சந்திரிகா வாவி கட்டப்பட்டது. அதே பத்தாண்டில் உடவளவையில் பெரும் அணை எழுந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபை காடு வெட்டிக் கால்வாய் வெட்டியது. 1969இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தது. தெற்கிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் நிலமற்ற சிங்கள உழவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். நெல் விளைந்தது, வைக்கோல் மிஞ்சியது, அந்த வைக்கோலை நம்பி 1970களின் பிற்பகுதியில் காகித ஆலை வந்தது. கடை, வங்கி, வைத்தியசாலை, பஸ் நிலையம் என ஊர் நகராயிற்று. ஆலை பின்னர் பல்லாண்டு ஓசையடங்கிக் கிடந்தது. நகரமோ வளர்ந்துகொண்டே போயிற்று.

அந்த ஏழை உழவர் மீது நமக்குப் பொறாமையில்லை. காட்டு யானையோடும் மலேரியாவோடும் மல்லாடி மண்ணைத் திருத்தியவர் அவர். நாம் கேட்பது வேறு. ஆற்றின் மேற்பக்கத்து மலைச்சரிவுகளில், இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைத் தோட்டங்களில், அவரைப் போலவே நிலமற்று வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் பெயர் இந்தக் கணக்கில் எங்கே?

தோட்டத் தொழிலாளியின் கால் தொடக்கத்திலிருந்தே கட்டப்பட்டிருந்தது. கடனைக் கட்டினால் இன்ன ஆட்களை விடுவிப்போம் என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்கும் போக இயலாது. கங்காணியின் கையில் கணக்கு. தொழிலாளியின் தலையில் கடன். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அதனினும் பெரிய துண்டு ஒன்றைக் கேட்டது. தந்தை பிறந்த இடத்துக்குச் சான்று காட்டாதவன் நாடற்றவனானான். நாடற்றவனுக்கு வாக்கில்லை, குடியேற்றத் திட்டத்தில் காணியுமில்லை. வளவையில் நீர் திறந்த அந்நாட்களில், அந்நீர் ஓடிவந்த மலையில் இருந்தோரிற் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் எந்நாட்டவருமல்லர்.

அணை எழுந்துகொண்டிருந்த 1964ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று மனிதர் பங்கிடப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறியோருள் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தளிரையே கிள்ளினர். இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை. நீர்த்தேக்கத்தால் இடமிழந்த விலங்குகளுக்கென 1972இல் உடவளவைத் தேசிய பூங்கா அமைந்தது. யானைக்கு இடம் கொடுத்தது நன்றே. அந்த அக்கறை லயத்துக்கு எட்டவில்லை.

1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் தோட்டத் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் எரிந்தன. குடிபெயரும் ‘உரிமை’ அப்போதுதான் கிடைத்தது போலும்! ஆனால் அவர்கள் ஒன்றரை மணி நேர பஸ் பயணத்திலுள்ள எம்பிலிப்பிட்டியவுக்குப் போகவில்லை. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வவுனியாவின் காடுகளுக்குப் போயினர். காந்தியம் போன்ற அமைப்புகள் அங்கே அவர்களைக் குடியமர்த்தின. அண்மையிலிருந்த நகரம் அவர்கள் கண்ணில் நகரமாகவே படவில்லை. அச்சத்தின் பெயராகப் பட்டது.

ஆனால் அந்நகரின் பிள்ளைகள் மட்டும் பாதுகாப்பாய் இருந்தனரோ? 1989–90இல் எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர் பலர், சிங்கள உழவரின் பிள்ளைகள், கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். 1994இல் மலைமேல் சூரியகந்தவில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டது. 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் சிலர் உட்படக் குற்றவாளிகளைத் தண்டித்தது. நிலம் பெற்றவனின் மகனைப் பறித்த ஆட்சியும் நிலமற்றவனின் லயம் எரிகையில் கைகட்டி நின்ற ஆட்சியும் வேறுவேறல்ல. மலையிலும் சமவெளியிலும் அழுத தாய்மார் ஒருவரையொருவர் அறிந்திலர். மொழி வேறு என்பதே போதிய காரணமாயிருந்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. இன்று தோட்டத்து இளைஞர் பிரட்டுக்களத்தை வெறுத்து நகரங்களுக்கு இறங்குகின்றனர். கடைகளில் சாமான் அடுக்குகின்றனர், கட்டட வேலைக்குப் போகின்றனர், சிங்களத்தைத் தாய்மொழி போலவே பேசுகின்றனர். நகரம் அவர்களுக்குக் கூலி தருகிறது, ‘யாருடைய மகன்?’ என்று கேட்காத ஒரு தெருவைத் தருகிறது. அந்தச் சுகம் சிறிதன்று. தோட்டத்தில் துரையிலிருந்து கணக்கப்பிள்ளை வரை எல்லோரும் அவன் பாட்டன் பெயரையும் அறிவர்.

எனினும் வீடு என்று ஒன்றை அவன் எழுதவேண்டி வரும்போது பேனா தயங்குகிறது. பல தோட்டங்களில் லயக் காம்பிராவுக்குத் தனி முகவரி கிடையாது. வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே மேசையில் கிடந்து, யாரேனும் ஒருவர் கையில் லயத்துக்குப் போய்ச் சேருகின்றது. நேர்முகப் பரீட்சையின் நாள் சில வேளை அதற்குள் கடந்துபோயிருக்கும்.