காப்புறுதியின் கதை – 9: கவர்னர் எதை மறைத்தார்?

1760 ஏப்ரல். சுமத்ராவின் மேற்குக் கரையில் இருந்த பென்கூலனைப் பிரெஞ்சுக் கப்பல்கள் நெருங்கின. படையை நடத்தி வந்தவர் தெஸ்தேன் பிரபு. 1758 டிசம்பரில், சென்னை முற்றுகையின்போது ஆங்கிலேயரிடம் பிடிபட்டு விடுதலையானவர். உள்ளூர்க்காரர்களைத் தடுக்க ஆங்கிலேயர் அங்கே கட்டிய மார்ல்பரோ கோட்டை ஐரோப்பியப் பீரங்கிக்கு எம்மாத்திரம்? வீழ்ந்தது.

செய்தி லண்டனை எட்டப் பல மாதங்கள் ஆகும். மே மாதம், ஒன்றும் அறியாமல், அங்கே ஒரு காப்புறுதிப் பத்திரம் கையெழுத்தானது. கோட்டை எதிரியிடம் போனால் அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டருக்கு நஷ்டஈடு. பொறுப்பேற்றவர் சார்லஸ் போம்.

விஷயம் தெரிந்ததும் போம் கையை விரித்தார். கோட்டையின் பலவீனமும் பிரெஞ்சுக்காரரின் திட்டமும் கவர்னருக்குத் தெரியும், தன்னிடம் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

1766இல் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் தீர்ப்பளித்தார். காப்புறுதி நம்பிக்கையில் நிற்கும் ஒப்பந்தம். தனக்கு மட்டும் தெரிந்ததை மறைப்பது மோசடி என்றார். கார்ட்டர் தொலைந்தார் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நம்பிக்கை இரு தரப்புக்கும் பொது என்றார் நீதிபதி. லண்டனிலேயே விசாரித்து அறியக்கூடியதைக் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர் பிறகு புலம்பக் கூடாது. வென்றவர் கார்ட்டர்!

பின்வந்தவர்கள் தீர்ப்பின் முதல் பாதியையே இறுகப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் தானே சொல்லும் பாரம் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. 1824 உடன்படிக்கையில் பென்கூலன் டச்சுக்காரருக்குப் போய், மலாக்கா ஆங்கிலேயருக்கு வந்தது. இந்த விதியோடு ஆங்கிலேயரின் வணிகச் சட்டம் மலாயாவில் வேரூன்றியது.

இன்று மலேசியாவின் பங்சாரில் வீடு வாங்க வங்கிக்குப் போகிறவரிடம் எம்.ஆர்.டி.ஏ. படிவத்தை நீட்டுகிறார்கள். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் காப்புறுதி அது. கல்லீரல் நோய் உண்டா என்ற கேள்வி வந்ததும், ஹெப்படைடிஸ் பி கிருமியோடு வாழ்பவரின் கை தயங்குகிறது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அதற்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குத் தாயிடமிருந்தே தொற்றியது. அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை.

ஆனாலும் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பொய் வெளிப்படும்போது கடன் உங்கள் குடும்பத்தின் தலையில் விழும். உண்மையைச் சொன்னால் இரத்தத்தில் கிருமியின் அளவு, கல்லீரல் நொதிகள், ஸ்கேன் முடிவுகளைக் கேட்பார்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் கூடும். ஒரு நிறுவனம் மறுத்ததை இன்னொன்று ஏற்கலாம்.

சட்டமும் திருந்தியிருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, நிறுவனம் குறிப்பாகக் கேள்வி கேட்கலாம். நீங்கள் கவனத்தோடு உண்மையான பதில் தர வேண்டும். ஆயுள் காப்புறுதி ஈராண்டுகளைக் கடந்துவிட்டால், அறியாமல் நேர்ந்த பிழையைக் காட்டி அதை ரத்து செய்ய முடியாது. மான்ஸ்ஃபீல்ட் சொன்ன மறுபாதி, இரண்டரை நூற்றாண்டு கழித்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஹெப்படைடிஸ் சி கிருமியின் கதை வேறு. அதை உடலிலிருந்தே விரட்டலாம். ஆனால் அதற்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை வெளிவந்தபோது ஒன்றின் அமெரிக்க விலை 1,000 டாலராக இருந்தது. 12 வாரத்துக்கு 84,000. மருந்து நிறுவனத்தின் அனுமதியின்றியே மலிவு மருந்தை வரவழைக்கும் முடிவை 2017 செப்டம்பரில் அறிவித்தார் மலேசியாவின் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், காப்புரிமை பெற்ற கிலியட் நிறுவனம் திடீரென்று மலேசியாவுக்கு ஒரு சலுகையை நீட்டியிருந்தது.

சலுகை வந்த பிறகும் மலேசிய அரசு ஏன் பின்வாங்கவில்லை?

(அடுத்த வாரம்)