மொரோக்கோவின் வழித்துணைகள்

பொதுவாக ஒரு தேசத்தில் முதலில் வண்டிப் பாதையும், அதன்பின் கப்பிச் சாலையும், அதற்கும் பின்னர் இருப்புப் பாதையும் தோன்றி, இவை யாவும் ஜனங்களுக்குப் பழகிப்போன பிற்பாடே ஆகாய விமானம் வந்து சேர்வது வழக்கம். வட ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில், மத்தியதரைக் கடலுக்கும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் சஹாரா பாலைவனத்துக்கும் நடுவே அமைந்த மொரோக்கோவில் இந்தக் கிரமம் முற்றிலும் குலைந்துபோயிற்று. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அந்நாட்டுச் சரக்குகள் ஒட்டகத்தின் மீதும் கோவேறு கழுதையின் மீதும் சென்றனவேயன்றிச் சக்கரத்தின் மீது செல்லவில்லை. சுல்தானின் அரண்மனையில் சில ஐரோப்பிய வண்டிகள் விளையாட்டுப் பொருளாகக் கிடந்தன என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட நாட்டில் 1911-க்கும் 1919-க்கும் இடைப்பட்ட எட்டே ஆண்டுகளில் ராணுவ ரயிலும், மோட்டார் பஸ்ஸும், தபால் விமானமும் அடுத்தடுத்து வந்து இறங்கின. வாகனங்கள் இத்தனை வேகமாக மாறியும், பிரயாணத்துக்கு ஆதாரமான ஏற்பாடு ஒன்று மட்டும் நெடுங்காலம் மாறாமலே நின்றது. வழித்துணையைத்தான் சொல்கிறேன்.

பழைய மொரோக்கோ இருவகைப் பிரதேசங்களாக விளங்கியது. சுல்தானின் அதிகாரிகள் வரி தண்டி ஆண்டுவந்த சமவெளிகளுக்கும் நகரங்களுக்கும் 'பிலாத் அல்-மக்ஸன்' என்று பெயர்; அவருடைய மதத் தலைமையை ஒப்புக்கொண்டபோதிலும் அவருக்கு வரி கட்ட மறுத்துத் தம் குல வழக்கப்படி வாழ்ந்துவந்தோரின் மலைநாடும் பாலைநிலமும் 'பிலாத் அஸ்-ஸீபா' எனப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை சுல்தானின் பலத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தமையால், 1873 முதல் 1894 வரை ஆண்ட முதலாம் ஹசன் தம் ஆட்சியின் பெரும்பகுதியைக் கூடாரங்களிலேயே கழித்தார். படையும் பரிவாரமும் கருவூலமும் புடைசூழ ஒரு நகரமே நடந்து செல்வதுபோல் அவர் தம் ராஜ்யத்தைச் சுற்றிவந்தார். அவர் இறந்ததும் அத்தகைய யாத்திரையில்தான். மரணச் செய்தி வெளிப்பட்டால் சுற்றிலுமுள்ள குலத்தார் பாசறையைச் சூறையாடிவிடுவார்கள் என்று அஞ்சிய மந்திரி பா அஹ்மத், சடலத்தைப் பல்லக்கில் ஏற்றி, உள்ளே உணவு அனுப்பியும் ஆக்ஞைகள் பெற்றுவருவதுபோல் பாவனை செய்தும், சுல்தான் உயிரோடிருப்பதாகவே காட்டிப் பயணத்தை நடத்தினார். மன்னனுக்கே வழி அவ்வளவு நிச்சயமற்றதாக இருந்தது என்றால் சாமானியன் என்ன செய்வான்?

சாமானியனுக்கு இருந்த மார்க்கம் 'ஸெத்தாத்'. ஒரு குலத்தின் எல்லைக்குள் புக விரும்பும் வியாபாரியோ யாத்திரிகனோ அந்தக் குலத்தைச் சேர்ந்த செல்வாக்குள்ள ஒருவனை அணுகி, பேரம் பேசி, அதற்குரிய தொகையைக் கொடுத்துவிட்டால், அவன் தானே உடன் வந்தோ தன் ஆளை அனுப்பியோ தன் எல்லைவரை கொண்டுபோய், அடுத்த குலத்தில் தனக்குத் தெரிந்த மற்றொருவனிடம் ஒப்படைப்பான். துணையாக வருகிறவன் வயோதிகனாகவோ சிறுவனாகவோ இருந்தாலும் பாதகமில்லை. வழிப்போக்கன் மீது கைவைப்பது துணைவனின் குலமானத்தின் மீது கைவைப்பதாகும் என்பதே அந்த முறையின் பலம். இதைக் கொள்ளைக்கூலி என்று வைத ஐரோப்பியர் பலர். என் அபிப்பிராயத்தில், போலீஸும் இன்ஷூரன்ஸும் இல்லாத இடத்தில் அவ்விரண்டின் வேலையையும் குறைந்த செலவில் செய்துவந்த ஒரு கெட்டிக்கார ஸ்தாபனம் அது.

இந்த முறையை விரிவாக எழுதிவைத்தவர் சார்ல் த ஃபூக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர். குதிரைப்படை உத்தியோகத்தைத் துறந்த அவர், கிறிஸ்தவருக்கு உள்நாடு அடைபட்டிருந்த காலத்தில், 1883-ல் யூத மதகுரு வேடம் பூண்டு, மொர்தெகாய் என்ற உண்மையான யூத குருவைத் துணைகொண்டு டாஞ்சியர் வழியாகப் புகுந்து, உள்ளங்கையில் மறையக்கூடிய சிறு குறிப்பேட்டில் மலைகளையும் ஆறுகளையும் அளந்து எழுதியவாறே பதினொரு மாதம் சுற்றினார். ஸெத்தாத் கை மாறிக் கை மாறி அவரைக் கொண்டு சேர்த்தது. ஆனால் பிரயாணத்தின் கடைசிக் கட்டத்தில் அல்ஜீரிய எல்லைக்கு அருகே துணைவந்தவர்களிலேயே இருவர் அவரைக் கொள்ளையடித்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 1888-ல் வெளியான அவருடைய நூல் பிற்காலத்தில் பிரெஞ்சுப் படைக்கு வரைபடமாகப் பயன்பட்டது.

ஃபூக்கோவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே டாஞ்சியரிலிருந்து, 1325-ல், இருபத்தொரு வயது இளைஞராகக் கிளம்பியவர் இப்னு பதூதா. அவர் நமக்கு அந்நியரல்லர். இலங்கையிலிருந்து சோழமண்டலக் கரைக்கு வந்து, தமக்கு மைத்துனி கணவனான மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனின் தர்பாரில் தங்கி, மதுரையில் கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டு எழுதியவர். அவர் 1352-ல் மொரோக்கோவின் தென்கோடியிலுள்ள ஸிஜில்மாஸாவிலிருந்து சஹாராவைக் கடந்தபோது, அவருடைய வணிகக் கூட்டத்தார் முன்னதாகச் சென்று வலாத்தா நகரில் செய்தி சொல்லித் தண்ணீரோடு எதிர்கொள்ளச் செய்யும் பொருட்டு ஒரு மஸ்ஸூஃபா குலத்தானுக்கு நூறு மித்கால் பொன் கொடுத்தார்கள்; அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவனுக்கோ ஒரு கண் பார்வையில்லை, மற்றொரு கண்ணிலும் நோய். அவனைவிடப் பாதை தெரிந்தவர் எவருமில்லை என்கிறார் இப்னு பதூதா.

1912-ஆம் ஆண்டு மார்ச் 30-ல் ஃபெஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி மொரோக்கோ பிரான்ஸின் பாதுகாப்புக்குட்பட்ட நாடாயிற்று. வடகரை ஸ்பெயினுக்குப் போய், டாஞ்சியர் பின்னர் சர்வதேச மண்டலமாயிற்று. இங்கே ரயிலின் கதை சற்று நகைப்புக்குரியது. டாஞ்சியரிலிருந்து ஃபெஸுக்குப் போகும் பாதைக்கு டெண்டர் விடுவதற்கு முன் வேறெந்த ரயில் பாதையும் தொடங்கலாகாது என்று 1911-ல் ஜெர்மனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் பிரான்ஸின் கையைக் கட்டிப்போட்டது. ஆனால் ராணுவ உபயோகத்துக்கான பாதை அந்த நிபந்தனைக்கு உட்படாதாகையால், பிரெஞ்சுப் படை அறுபது சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு குட்டி ரயிலைக் காஸாபிளாங்காவிலிருந்து தொடங்கி நாலாபுறமும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றது. பொதுஜனங்களும் சில ஆண்டுகளில் அதிலேயே ஏறலாயினர். உரிய அகலமுள்ள டாஞ்சியர்–ஃபெஸ் பாதை முடிந்தது 1927-ல்தான். மூன்று ஆட்சிகளின் எல்லையைக் கடந்து அது ஓடியது. தரையில் இவ்வாறு அரசியல் முட்டுக்கட்டைகள் நிறைந்திருந்ததனால்தான் ஆகாய மார்க்கம் அங்கே அவ்வளவு சீக்கிரம் ஆதரவு பெற்றது என்று நினைக்கிறேன்.

துலூஸ் நகரத்து விமான உற்பத்தியாளர் பியேர்-ஜார்ஜ் லாத்தேகோயர், முதல் உலகப் போர் முடிந்து தம் தொழிற்சாலைக்கு வேலை குறைந்த நிலையில், பிரான்ஸிலிருந்து ஸ்பெயின் வழியாக மொரோக்கோவுக்கும், அங்கிருந்து டாக்கருக்கும், கடல் கடந்து தென்னமெரிக்காவுக்கும் தபால் கொண்டுபோகத் திட்டமிட்டார். 1918 கிறிஸ்துமஸ் தினத்தன்று பார்ஸிலோனாவரை பறந்து பார்த்தார். மறு மார்ச் மாதம் தாமே விமானமேறி ரபாத்தில் போய் இறங்கி, பிரெஞ்சு ரெஸிடெண்ட்-ஜெனரலான லியோத்தேயின் கையில் முந்திய நாள் பிரெஞ்சுப் பத்திரிகையையும், அவர் மனைவியின் கையில் துலூஸ் நகரத்து வயலெட் மலர்க்கொத்தையும் கொடுத்தார். கப்பலில் பல நாள் கழித்து வரும் பத்திரிகைக்குப் பழகியிருந்த லியோத்தேயிடம் இதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. தபால் ஒப்பந்தம் கிடைத்தது. 1919 செப்டம்பர் 1-ந் தேதி துலூஸ்–காஸாபிளாங்கா தபால் சேவை தொடங்கியது. முதல் விமானத்தை ஓட்டியவர், பின்னாளில் கண்டிப்புக்குப் பேர்போன நிர்வாகியாக விளங்கிய திதியே தோரா. போரில் மிஞ்சிய பிரேகே 14 ரக விமானங்கள், திறந்த ஆசனங்கள், ரேடியோ கிடையாது. நகரங்களுக்கிடையே பஸ் ஓட்டும் ஸெதேஎம் கம்பெனி நிறுவப்பட்டதும் அதே 1919-ல்தான்.

காஸாபிளாங்காவரை பாதை ஒருவாறு சீர்பட்டது. 1925-ல் அதை டாக்கருக்கு நீட்டியபோதுதான் விமானிகள் பழைய மொரோக்கோவைச் சந்தித்தார்கள். அகாதிருக்குத் தெற்கே கேப் ஜூபி, வில்லா ஸிஸ்னரோஸ் என்று கடற்கரையோரம் ஸ்பானியக் கோட்டைகள் இரண்டொன்று இருந்தன. கோட்டைச் சுவருக்கு வெளியே ஸ்பெயினின் ஆணை செல்லவில்லை. பிரேகே இயந்திரமோ அடிக்கடி நின்றுவிடும் இயல்புடையது. மணலில் இறங்கிய விமானி அங்குள்ள மூர் குலத்தாரிடம் சிறைப்பட்டு மீட்புப் பணத்துக்காகக் காத்திருக்க நேரும். சில வேளை உயிரே போகும். ஆகையால் விமானங்கள் இரட்டை இரட்டையாகச் சென்றன. ஒன்று வீழ்ந்தால் மற்றது இறங்கி ஆளைத் தூக்கிக்கொள்ளும். அதோடு, அந்தப் பக்கத்து மூர் ஒருவனையும், மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரில், கூடவே ஏற்றிச் சென்றார்கள். கீழே இறங்க நேர்ந்தால் அவன் முன்னே போய்ப் பேசித் தன் குலத்தின் பெயரால் விமானியைக் காக்கவேண்டும். மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் யந்திரத்தில் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கப்பட்ட ஸெத்தாத் அல்லாமல் இவன் வேறென்ன?

அந்தக் காப்பும் எப்போதும் பலிக்கவில்லை. 1926 நவம்பரில் கூர்ப் என்ற விமானியின் இயந்திரம் நின்றுபோக, துணைக்கு இறங்கிய எராப்லும் மெக்கானிக் பிந்தாதோவும் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டனர். காயமுற்றுச் சிறைப்பட்ட கூர்ப் மீட்கப்பட்ட பின் இறந்தார். மறு ஆண்டு கேப் ஜூபி விமானத்தளத்துக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டவர்தான் அந்துவான் த ஸந்தெக்ஸுபேரி. கோட்டைச் சுவரை ஒட்டிய மரக்குடிசையில் தங்கி, அரபு கற்று, மூர் தலைவர்களைத் தேநீருக்கு அழைத்து நட்புக்கொண்டாடி, விழுந்த விமானிகளை மீட்டுவருவது அவருடைய உத்தியோகம். இலக்கிய உலகம் அவரைக் கதாசிரியராக அறியும். அந்தப் பாதையைப் பொறுத்தவரை அவர் வழித்துணை பேசுகிற தரகராகவே இருந்தார், அதையும் திறம்படச் செய்தார். 1933-ல் ஏர் பிரான்ஸில் கலப்பதற்குள், லாத்தேகோயர் தொடங்கிய அந்தத் தபால் விமானக் கம்பெனி தன் ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்திருந்தது.

மலைப்பாதையிலும் இதே கதைதான். மராகேஷிலிருந்து உயர் அட்லாஸைக் கடந்து தெற்கே போகும் வணிகர்கள் தெலுவெத் என்ற ஊரில் க்ளாவி குடும்பத்தாருக்குச் சுங்கம் செலுத்தியே செல்லவேண்டியிருந்தது. 1893-ன் கடும் பனியில் சிக்கித் தவித்த சுல்தான் ஹசனின் படைக்கு உணவும் இடமும் அளித்த அக்குடும்பம், பரிசாகக் க்ரூப் பீரங்கி ஒன்றைப் பெற்று, அதன் பலத்தால் தென்னாட்டின் குறுநில மன்னர்களாகவே உயர்ந்தது. 1930-களில் பிரெஞ்சு இஞ்சினீயர்கள் 2,260 மீட்டர் உயரமுள்ள திஸி ந்திஷ்கா கணவாய் வழியாக வர்ஸாஸாத்துக்கு மோட்டார் சாலை அமைத்தபோது அது தெலுவெத்தை ஒதுக்கிவிட்டுச் சென்றது. சுங்கம் வாங்கிய கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது.

1943 ஜனவரியில் ரூஸ்வெல்ட் காஸாபிளாங்கா மகாநாட்டுக்கு விமானத்தில் வந்ததுதான் பதவியிலிருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் ஆகாயத்தில் பிரயாணம் செய்த முதல் தடவை. மகாநாடு முடிந்து அவரும் சர்ச்சிலும் மோட்டாரில் மராகேஷுக்குச் சென்றபோது வழிநெடுகத் துருப்புகளை நிறுத்தினார்கள். வழித்துணைக்கு அதைவிட அதிகச் செலவு மொரோக்கோவில் எவரும் செய்ததில்லை. சுதந்திரம் 1956-ல் வந்தது; மறு ஆண்டு தேசிய விமானக் கம்பெனிக்கு ராயல் ஏர் மரோக் என்ற பெயர் ஏற்பட்டது. நுவாஸர் என்ற இடத்தில் அமெரிக்கர் கட்டி, 1963-ல் விட்டுச்சென்ற ராணுவ விமானத்தளமே இன்றைய முகம்மது V விமான நிலையம். 2006-ல் ஐரோப்பிய யூனியனோடு செய்துகொண்ட திறந்த வான் உடன்படிக்கையின் பின் மலிவுக் கட்டண விமானங்கள் மராகேஷிலும் ஃபெஸிலும் கூட்டம் கூட்டமாக ஜனங்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. டாஞ்சியர் விமான நிலையத்துக்கு இப்னு பதூதாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் துபாய், தோஹா போன்ற வளைகுடா நகரங்களில் விமானம் மாறிக் காஸாபிளாங்காவை அடையலாம். வடக்கே டாஞ்சியருக்குப் போகிறவர்களை 2018-ல் திறக்கப்பட்ட அல் போராக் அதிவேக ரயில் இரண்டு மணி பத்து நிமிஷத்தில் சேர்த்துவிடுகிறது. தெற்கே போகிறவர்களின் நிலை வேறு. ரயில் மராகேஷோடு நின்றுவிடுகிறது; அதற்கப்பால் ஸெதேஎம் பஸ் அல்லது 'கிராண்ட் டாக்ஸி' எனப்படும் பங்கு வாடகைக் கார்தான். ஆறு பேர் சேர்ந்தால்தான் அது புறப்படும். அவசரமுள்ளவர் காலி இடத்துக்கும் பணம் கொடுத்துக் கிளப்பலாம். ஆள் அதிகம் சேர்வது காலை வேளையிலாகையால், விடிந்ததும் ஸ்டாண்டுக்குப் போய்விடுவது உத்தமம். குளிர்காலத்தில் பனி விழுந்து திஷ்கா கணவாய் சில நாள் அடைபடுவதும் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் போக எண்ணுகிறவர்கள், திரும்பும் விமானத்துக்கு முன்பாக ஓரிரு நாளை மராகேஷிலேயே மிச்சம் வைத்துக்கொண்டு சீட்டு வாங்குவது நல்லது.