டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி

டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தொலைவான பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்துள்ள ஈராண்டுக் கல்லூரி ஆகும். மின்துறைத் தொழிலதிபர் எல். எல். நன் இதனை 1917 ஆம் ஆண்டில் நிறுவினார். இங்கு முப்பதுக்கு உட்பட்ட மாணவர்களே பயில்கின்றனர்.

மாணவர் வாழ்க்கை

கல்வி, உடலுழைப்பு, தன்னாட்சி ஆகிய மூன்றும் கல்லூரியின் தூண்களாகும். மாணவர்களிடம் கல்விக் கட்டணம் பெறப்படுவதில்லை. மாறாக ஒவ்வொருவரும் வாரத்திற்குச் சுமார் 20 மணி நேரம் உழைக்கின்றனர். கால்நடை பராமரித்தல், பால் கறத்தல், வயலுக்கு நீர் பாய்ச்சுதல், சமைத்தல் முதலியன அவர்களது பணிகள். பணியில் ஒருவர் தவறினால் அனைவரும் பாதிக்கப்படுவர் என்பதால், பொறுப்புணர்வும் பாடமாகவே கருதப்படுகிறது. புதிய மாணவரைத் தெரிவு செய்வதிலும் ஆசிரியரை அமர்த்துவதிலும் மாணவர் குழுக்களுக்கு முக்கிய பங்கு உண்டு.

பெண்கள் சேர்க்கை

நன்னின் அறக்கட்டளை ஆவணம் இளம் ஆண்களின் கல்வியையே குறிப்பிட்டது. பெண்களையும் சேர்க்க அறங்காவலர்கள் 2011 இல் வாக்களித்தனர். சிலர் எதிர்த்ததால் வழக்கு நீண்டது. நிறுவனரின் சொற்களைக் காப்பதா, சமூகத்திற்குத் தொண்டாற்றுவோரை உருவாக்கும் அவரது நோக்கத்தைக் காப்பதா என்பதே வினாவாக இருந்தது. 2017 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றத்தை ஏற்றது. 2018 இல் முதல் மாணவியர் சேர்ந்தனர்.