நிரோத் நடந்த கடைசிப் பத்தடி

பிறப்பு ரப்பர் மரத்தில். கீறிய பட்டையிலிருந்து சிரட்டையில் சொட்டும் பால் ஆலையில் பதப்படுகிறது. கண்ணாடி அச்சு அதில் முங்கி எழும்போது மெல்லிய தோலாகப் படிகிறது. சூட்டில் பக்குவமாகி, ஓட்டை இருக்கிறதா என்று மின்சாரத்தால் சோதிக்கப்பட்டு, உறைக்குள் போனபின் அந்த ஆணுறையின் பெயர் நிரோத். திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற அரசு நிறுவனம் 1969-ல் இதைச் செய்யத் தொடங்கியது. அதற்குமுன் நிரோத் இறக்குமதிச் சரக்குதான்.

பெயர் வைத்த கதையில் நமக்கும் பங்குண்டு. மன்மதனை நினைத்து ‘காமராஜ்’ என்று வைக்கத்தான் முதலில் யோசித்தார்களாம். காங்கிரஸ் தலைவர் பெயரும் அதுதான் என்பதால் கைவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. தப்பித்தோம். கடைசியில் ‘தடுப்பு’ என்று பொருள்படும் வடமொழிச் சொல் ஒட்டிக்கொண்டது.

1968-ல் கடைக்கு வந்தபோது அதன் வேலை பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவது. மூன்று சேர்ந்து 15 காசு. பெட்டிக்கடை வரை போகும் வழி அரசிடம் இல்லை. ஆகவே தேயிலை விற்ற புரூக் பாண்டும் லிப்டனும், சோப்பு விற்ற இந்துஸ்தான் லீவரும், பேட்டரி விற்ற யூனியன் கார்பைடும் தங்கள் சரக்கோடு இதையும் ஏற்றிப்போயின. பெட்டிக்கடை வரை வந்தாயிற்று. கேட்டு வாங்கத்தான் வாய் வரவில்லை. அரசு மருத்துவமனையில் சும்மா கொடுத்ததும் பல ஊர்களில் பிள்ளைகளுக்குப் பலூனாயிற்று.

1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதும் அதே பொருளுக்கு நோய்த்தொற்றைத் தடுக்கும் வேறு வேலை வந்தது. இங்கேதான் அரசுக்கு வழி தெரியவில்லை. கிராம செவிலியரிடம் கல்யாணமான பெண்களின் பட்டியல் இருந்தது. மாதத்தில் பாதி நாள் கேபினில் படுத்துறங்கும் நாமக்கல் லாரி ஓட்டுநர் அதில் இல்லை. புறவழிச்சாலையில் அவருக்காகக் காத்திருந்த பெண்ணும் இல்லை. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. மறுவருடம் அடையாறு வி.எச்.எஸ். என்ற தொண்டு மருத்துவமனை, அமெரிக்க உதவிப் பணத்தில் ‘அபாக்’ என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சிறு தொண்டு நிறுவனங்களைக் களத்தில் இறக்கியது.

கிடங்கிலிருந்து ஒரு மனிதரின் கைக்கு வந்து சேரும் அந்தப் பத்தடிதான் இந்தப் பொருளின் பயணத்திலேயே நீளமானது என்பேன். அதைக் கடந்தவர்கள் களப்பணியாளர்கள். அவர்களில் பலர் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள், எல்லோருக்கும் ‘அக்கா’. புரோட்டா கடை, பஞ்சர் கடை, சலூன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வைக்க இடம் பேசுவார்கள். மரத்தில் கடைந்த மாதிரியை எடுத்து எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். முதல் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருப்பார்கள். வாங்கியதை எங்கே வைப்பது என்பதையும் அக்காதான் சொல்லித்தர வேண்டும். என்ஜின் சூட்டிலும் பின்பாக்கெட் பர்சிலும் ரப்பர் கெட்டுப்போகும். வீட்டுக்கு எடுத்துப்போனால் வேறு வம்பு.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறை கொடுத்த ஆணுறையையே பெண்ணின் பையில் கண்டால், காவலர்கள் அதைத் தொழிலுக்குச் சாட்சியாக்கினார்கள். ஒரு கை கொடுத்ததை மறு கை குற்றமாக்கியது. பயந்த பெண்கள் வெறுங்கையோடு நின்றார்கள். நிலையம் நிலையமாக ஏறி, இது மருந்து மாதிரி என்று பேசிப் புரியவைத்ததும் தொண்டு நிறுவனங்கள்தான்.

கொடுத்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கணக்கு உண்டு. அந்த எண் மாவட்டம், சென்னை, டெல்லி என்று பொருள் வந்த வழியிலேயே மேலேறும். அடுத்த சரக்கு அதைப் பார்த்துத்தான் வரும். கொடுத்ததில் எத்தனை பயன்பட்டது என்பதற்கு நோட்டில் கட்டம் இல்லை. அதனால் லாரிகள் கிளம்பிப் போன காலையில், கிழிந்த உறைகள் கிடக்கின்றனவா என்று தரையைப் பார்த்தபடி நடக்கிற அக்காக்களும் உண்டு.