தறியின் மறுகரை: சட்டம் பார்ப்பதும் அரசியல் பார்ப்பதும்

ஒரு பிரச்சினையைச் சட்டம் ஒருவிதமாகவும் அரசியல் வேறுவிதமாகவும் தீர்க்கிறது என்போம். தீர்ப்பதெல்லாம் பிறகு. முதலில் இரண்டும் பார்க்கின்றன. யார் கண்ணில் படுவது, யார் படாமல் போவது என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே செவிலிமேடு வரை வீடுகளுக்குள் கிடக்கிற பட்டுத்தறியை வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

1950களின் தொடக்கத்தில் தமிழகக் கைத்தறி பெரும் தேக்கத்தில் விழுந்தது. நெய்த துணி விற்கவில்லை; நெசவாளர் குடும்பங்கள் கஞ்சிக்கு அலைந்தன. முதலமைச்சர் ராஜாஜி, சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்கச் சொல்லி மத்திய அரசைக் கேட்டார். எதிர்முகாமில், காஞ்சியில் பிறந்த அண்ணாவும் தி.மு.க.வினரும் 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். அரசியல் இப்படித்தான் பார்க்கிறது. 'நெசவாளி' என்று ஒரு முகத்தை உண்டாக்கி, அதற்குள் எல்லோரையும் சேர்த்து 'நம்ம ஆள்' ஆக்குகிறது. அந்த முகம் குடும்பத் தலைவரான ஓர் ஆணின் முகம்.

ராஜாஜி கேட்டது சட்டமாக முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வழக்குகளில் சிக்கி, 1993இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்ற பிறகே உயிர்பெற்றது. 22 வகைத் துணிகள் என்று தொடங்கிய ஒதுக்கீடு பின்னர் 11 ஆகச் சுருங்கியது. கைத்தறி என்றால் என்ன? விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. வரையறை அவ்வளவுதான். தறி இருக்கிறது, துணி இருக்கிறது, நெய்கிறவர் இல்லை. பொருளைத் தனியே பிரித்தெடுத்தால்தான் சட்டத்துக்குக் கண் தெரியும்.

சரி, தறிக்குள் போவோம். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டின் ஊடையும் சேருமிடத்தில் கோர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடா. குழித்தறியில் உட்கார்ந்த ஒருத்தரால் எல்லாவற்றையும் போட முடியாது; மறுகரை நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளை. தார் சுற்றுவது வீட்டுப் பெண்கள். 'நெசவாளி' என்ற முகத்திலும் இவர்கள் இல்லை. 'விசைத்தறி அல்லாத தறி' என்ற சொற்களிலும் இல்லை.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், துணி நெசவில் 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. கூடவே, குடும்பத்தின் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கும் தந்தது. காஞ்சியில் தறி இருப்பதே வீட்டுக்குள்! திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்ட கண் இது. முதலாளி கொடுத்த பாவும் ஜரிகையும், அவரிடம் வாங்கிய முன்பணமும் கிடக்கிற வீட்டை வெறும் 'குடும்பம்' என்று எப்படிப் பார்ப்பது? முன்பணத்துக்கு உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை என்கிறது. வீட்டில் கேட்டால் 'அட்வான்ஸ் வாங்கியிருக்கோம், அவ்வளவுதான்' என்பார்கள். ஒரே பணம்: ஒரு சட்டத்தில் குற்றம், இன்னொன்றின் கண்ணுக்கே படாது. பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 2016இன் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோர் வேலையை எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலை விட்டுவைத்தது.

இதை வைத்துச் சட்டம் குருடு, அரசியல்தான் கண் என்று முடித்துவிட முடியாது. சட்டத்தின் வரையறை ஒவ்வொன்றும் உறைந்துபோன பழைய அரசியல். 1953இல் தெருவில் உயர்த்தப்பட்ட முகத்துக்காக 1985இல் தறியும் துணியும் காக்கப்பட்டன. உயர்த்தப்படாத முகம் 1986இல் 'விலக்கு' ஆனது. மறுகரைப் பிள்ளைக்குச் சங்கமும் இல்லை, ஓட்டும் இல்லை. பிள்ளை எழுந்து பள்ளிக்குப் போன வீடுகளில் அதே இடத்தில் மனைவி உட்காருகிறார், கூலிக் கணக்கில் பெயரில்லாமல்.

நெசவாளர் சங்கங்கள் கூலி உயர்வு கேட்கிறபோது ரெண்டாவது ஆளின் கூலியை, வயது வந்தவரின் கூலியாக, தனி வரியில் எழுதிக் கேட்கட்டும். அப்படிக் கிடைத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைப்பதில் யாருக்கும் லாபமில்லை. சட்டம் அப்புறம்தான் பார்க்கும். அதற்கு முன்னால் அரசியல் தன் 'நெசவாளி'யை ரெண்டு பேராகப் பார்க்கப் பழக வேண்டும்.