வடவேங்கடமும் நம் வீடும்

வட ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. இருமொழியும் வழங்கிய அந்நிலம், 1953 அக்டோபர் 1-இல் பிறந்த ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைக்காகக் கிளர்ச்சி செய்தனர். படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

சித்தூர்வாசியான என் பாட்டனார் வீடு மாறாமலே மாநிலம் மாறினார். என் தந்தையார் பள்ளியில் தெலுங்கும் திண்ணையில் தமிழும் கற்றார். குடும்பத்தோடு திருமலைக்குச் செல்லுங்கால், கோயிற்சுவர்களிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். மார்கழி விடியலில் அங்கே சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவையே ஒலிக்கின்றது.

எல்லையை வகுப்பது சட்டம். மொழியைக் காப்பது வீடு. பிற மாநிலங்களில் வாழும் நாம், அவ்வூர் மொழியை மதித்துக் கற்போம். நம் மக்களுக்குத் தமிழெழுத்தைத் திண்ணையிலேனும் கற்பிப்போம்.